பிறப்பு குறைந்தால் பிள்ளைக்குக் கிடைப்பது கூடுமா?

கரிசல் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். விருதுநகர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். நான் சேர்ந்த ஆண்டில் எங்கள் வருகைப் பதிவேட்டில் 120 பெயர்கள் இருந்தன. இந்தக் கல்வியாண்டில் 14 பெயர்கள்தான் இருக்கின்றன. இதற்குத் தனியார் பள்ளி வேன் ஒரு காரணம் என்றால், ஊரில் பிறக்கும் குழந்தைகளே குறைந்துபோனது அதைவிடப் பெரிய காரணம். வளைகாப்புக்கும் பெயர்சூட்டு விழாவுக்கும் அழைப்பு வருவதே எங்கள் பக்கத்தில் அரிதாகிவிட்டது.

"பிள்ளைகள் குறைந்தால் நல்லதுதானே, இருப்பவர்களுக்குக் கூடுதலாகக் கிடைக்குமே" என்று பலரும் என்னிடம் சொல்கிறார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் நம்பினேன். ஆனால் பள்ளிக்குள் நின்று பார்த்தால் வேறொன்று தெரிகிறது. ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தின் பள்ளி மானியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 30 மாணவர்கள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், 101 முதல் 250 வரை உள்ள பள்ளிக்கு 50,000 ரூபாய் என்பது விதி. 120 பேருக்கு 50,000 என்றால் தலைக்கு 417 ரூபாய். 14 பேருக்கு 10,000 என்றால் தலைக்கு 714 ரூபாய். தாளில் பார்த்தால் இன்றைய பிள்ளைதான் வசதியான பிள்ளை. ஆனால் தண்ணீர் மோட்டார் தலைக்கணக்குப் பார்த்தா பழுதாகிறது? கழிப்பறைக் கதவின் கீல் 120 பேர் இருந்தபோதும் துருப்பிடித்தது, 14 பேர் இருக்கும்போதும் துருப்பிடிக்கிறது. கூரையில் ஓடு மாற்றும் கூலி எங்கள் எண்ணிக்கையைக் கேட்டுக் குறைவதில்லை.

ஆசிரியர் விகிதமும் இப்படித்தான். நாங்கள் இருவர், பிள்ளைகள் பதினான்கு பேர். ஆகவே ஏழு பேருக்கு ஓர் ஆசிரியர். கல்வி உரிமைச் சட்டம் கேட்பது முப்பது பேருக்கு ஒருவர்தான். ஆனால் அந்தப் பதினான்கு பேரும் ஐந்து வகுப்புகளில் இருக்கிறார்கள். தலைமையாசிரியர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போகும் நாளில் ஐந்து வகுப்பும் ஒரே அறையில் என் முன்னால் உட்காரும். இரண்டாம் வகுப்பில் ஒரே ஒரு சிறுமி. அவள் வாசிக்கும்போது பக்கத்தில் இருந்து திருத்தவோ அவளோடு போட்டிபோட்டு முந்தவோ அவள் வகுப்பில் வேறு யாரும் இல்லை. பதினான்கு பேரையும் களத்தில் இறக்கினால்தான் இரண்டு கபடி அணி தேறும். அதிலும் ஐந்து வயதுக்காரன் பத்து வயதுக்காரனைப் பிடிக்க வேண்டும்.

தலைக்கு எவ்வளவு என்ற கணக்கும் பிள்ளையின் கைக்கு என்ன வந்து சேர்கிறது என்ற கணக்கும் ஒன்றா என்பதே என் கேள்வி. வீட்டிலும் பள்ளியிலும் அரசின் வரவுசெலவிலும் நீங்கள் கண்டதை எழுத வேண்டுகிறேன்.

மக்கள்தொகை மாணவன் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். முதலில் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். பிறப்பு இறப்பைக் கணக்கிடும் மத்திய அரசின் மாதிரிப் பதிவுத் திட்டத்தின் 2020 அறிக்கை இதை 1.4 என்கிறது. இரண்டில் எதை எடுத்தாலும், ஒரு தலைமுறை தன்னைத்தானே ஈடுசெய்யத் தேவையான 2.1-க்குக் கீழேதான் நாம் இருக்கிறோம். அதே குடும்பநல ஆய்வில் பீகாரின் எண் 3.0.

வீட்டைப் பொறுத்தவரை பொருளியலில் ஒரு பழைய வாதம் உண்டு. பெற்றோரின் பணமும் நேரமும் ஓர் அளவுக்குள் அடங்குபவை; பிள்ளைகள் பெருகினால் பங்கு சிறுக்கும், குறைந்தால் பங்கு பெருகும். கேரி பெக்கர் போன்றோர் 1970-களில் இதைக் கோட்பாடாகவே வகுத்தார்கள். ஆனால் சிறிய குடும்பத்துப் பிள்ளைகள் நன்றாகப் படிப்பதற்குக் குடும்பம் சிறியதாக இருப்பதுதான் காரணமா, அல்லது படிப்பின் மேல் அக்கறை கொண்ட பெற்றோர்தான் குறைவாகப் பெற்றுக்கொள்கிறார்களா என்பதைப் பிரித்தறிவது கடினம். அதற்காக ஆய்வாளர்கள் இரட்டைக் குழந்தைகளைத் தேடிப் போனார்கள். இரட்டைப் பிறப்பு யாரும் திட்டமிட்டு வருவதன்று அல்லவா? 1980-இல் ரோசன்சுவைக், வோல்பின் என்ற இருவர் இந்தியக் குடும்பங்களின் தரவைக் கொண்டு, எதிர்பாராமல் கூடிய ஒரு பிள்ளை மற்றப் பிள்ளைகளின் படிப்பைக் குறைப்பதாகக் கண்டார்கள். 2005-இல் நார்வேயின் மக்கள் பதிவேடுகளைக் கொண்டு செய்த ஆய்விலோ, பிறந்த வரிசையைக் கணக்கில் எடுத்தவுடன் குடும்ப அளவின் விளைவு ஏறக்குறைய மறைந்தே போயிற்று.

இரண்டையும் சேர்த்து நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். பள்ளியும் மருத்துவமும் பொதுச் செலவில் கிடைக்கும் நாட்டில், அண்ணன் தம்பி எத்தனை பேர் என்பது ஒரு பிள்ளையின் வாய்ப்பைப் பெரிதாக மாற்றுவதில்லை. எல்லாவற்றையும் வீடே சுமக்கும் நாட்டில் ஒவ்வொரு பிள்ளையும் மற்றொரு பிள்ளையின் பங்கைத் தொடுகிறது. ஆகவே கேள்வி பிறப்பு எண்ணிக்கையில் தொடங்கினாலும், யார் செலவைச் சுமக்கிறார்கள் என்பதில்தான் வந்து நிற்கிறது.

மூத்த மகள் எழுதியது:

தம்பி சொன்ன ஆய்வுகளை நான் படித்ததில்லை. ஆனால் அந்தப் பங்கு என்பது என்னவென்று எனக்குத் தெரியும். நான் 1958-இல் பிறந்தேன். ஏழு பிள்ளைகளில் மூத்தவள். எங்கள் அம்மா அவித்த முட்டையைக் கத்தியால் அறுக்க மாட்டார்; கத்தியில் மஞ்சள் கரு ஒட்டிக்கொள்ளும் என்று தையல் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு மறுமுனையை இழுத்து நான்காக அறுப்பார். மூன்று முட்டையில் பன்னிரண்டு துண்டு. அப்பாவுக்கு இரண்டு, ஆண்பிள்ளைகள் மூவருக்கும் இரண்டிரண்டு, பெண்பிள்ளைகள் நால்வருக்கும் ஒவ்வொன்று. அம்மாவுக்கு எதுவும் மிஞ்சியதாக எனக்கு நினைவில்லை.

ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் என்னை நிறுத்திவிட்டார்கள். கடைசித் தம்பி பிறந்திருந்தான்; அம்மா களையெடுக்கப் போக வேண்டும், அவனை இடுப்பில் வைத்துக்கொள்ள ஆள் வேண்டும். நான் நின்ற நாளிலிருந்து படிப்பு மட்டும் போகவில்லை, காமராசர் காலத்தில் வந்த பள்ளி மதிய உணவும் போயிற்று. எனக்கு இரண்டே பிள்ளைகள். என் மகள் செவிலியர் படிப்பை முடித்து வேலையில் இருக்கிறாள். அவளை யாரும் தம்பியைத் தூக்கச் சொல்லிப் பள்ளியிலிருந்து நிறுத்தவில்லை. பிறப்பு குறைந்ததை வெறும் இழப்பாகப் பேசுகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: அந்த இடுப்புச் சுமை யாருடைய இடுப்பில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். இன்று பள்ளிச் சத்துணவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு முழு முட்டை கிடைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நூல்தான் நினைவுக்கு வருகிறது.

பனியன் ஊர்த் தந்தை எழுதியது:

மூத்த மகள் அம்மா எழுதியதை என் மனைவியிடமும் வாசித்துக் காட்டினேன். நாங்கள் திருப்பூரில் இருக்கிறோம், இருவரும் பின்னலாடை நிறுவனத்தில் வேலை செய்கிறோம், ஒரே மகன். ஒரு பிள்ளையோடு நிறுத்தியதற்குக் காரணம், அவனுக்கு எல்லாமே முழுதாகக் கிடைக்க வேண்டும் என்ற எண்ணம்தான். எங்கள் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அவன் பெயரில்தான் செலவாகிறது. ஆனால் ஒருநாள் இரவு உட்கார்ந்து கணக்கை எழுதிப் பார்த்தபோது மனம் கனத்துவிட்டது. பள்ளிக் கட்டணம், வேன் கட்டணம், சீருடையும் புத்தகமும் பள்ளியிலேயே வாங்க வேண்டும் என்பதற்கான தொகை, மாலைத் தனிப்பயிற்சி என்று வரிசையாகப் போயிற்று. பால், பழம், விளையாட்டு என்று அவன் உடம்புக்குப் போன தொகை அந்தப் பட்டியலின் அடியில் மிகச் சிறியதாக இருந்தது.

எங்கள் நேரத்தையும் சொல்ல வேண்டும். அந்தக் கட்டணத்தைக் கட்டுவதற்காக இருவரும் கூடுதல் நேரம் பார்க்கிறோம். ஆகவே ஒரே பிள்ளையாக இருந்தும் அவன் மாலை ஏழரை வரை யாருமில்லாத வீட்டில் இருக்கிறான். ஏழு பேரில் ஒருவராக வளர்ந்த என் அப்பாவுக்கு முட்டை கால்பங்குதான் கிடைத்திருக்கும். ஆனால் அவர் வீடு திரும்பும்போது கதவைத் திறக்க யாரோ இருந்தார்கள். எங்களைப் போன்ற வீடுகளில் மிச்சமான பங்கு பிள்ளையிடம் போகாமல் எங்கே போகிறது என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டும்.

மக்கள்தொகை மாணவன் எழுதியது:

ஐயா, உங்கள் கேள்விக்குத் தென்கொரியா நல்ல சான்று. 2023-இல் அங்கே ஒரு பெண்ணுக்கு 0.72 குழந்தை என்ற அளவுக்குப் பிறப்பு இறங்கியது. பிள்ளைகள் குறைந்தால் தனிப்பயிற்சிச் செலவும் குறைய வேண்டும் அல்லவா? நடந்தது நேர்மாறு. 2023-இல் பள்ளி மாணவர்களின் தனிப்பயிற்சிக்குக் குடும்பங்கள் செலவிட்டது 27.1 லட்சம் கோடி வோன். 2024-இல் மாணவர் எண்ணிக்கை ஏறத்தாழ 80,000 குறைந்தது, செலவோ 29.2 லட்சம் கோடி வோனாக உயர்ந்தது. நல்ல கல்லூரியின் இடங்கள் எத்தனை என்பது மாறாதபோது, ஒரே பிள்ளையின் மேல் குவியும் பணம் அந்த இடத்துக்கான போட்டியின் விலையைத்தான் ஏற்றுகிறது. ஒருவர் கூடுதலாகக் கட்டினால் பக்கத்து வீட்டாரும் கட்டியாக வேண்டும். இறுதியில் எல்லாரும் கட்டியபின் வரிசை பழைய வரிசையாகவே இருக்கிறது. பிறகு அந்தச் செலவை நினைத்தே இளையவர்கள் பிள்ளை வேண்டாம் என்கிறார்கள்.

கணக்கு அலுவலர் (ஓய்வு) எழுதியது:

கருவூலத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணிசெய்தவன் என்ற முறையில் சிலவற்றை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஆசிரியைக்கு முதலில் சற்றுக் கசப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

14 பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி என்பதை என்னால் எளிதாக ஆதரிக்க முடியவில்லை. இரண்டு ஆசிரியர் சம்பளம், சத்துணவுக் கூடம், கட்டடப் பராமரிப்பு எல்லாம் சேர்த்தால் அந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் அரசு செலவிடும் தொகை மிகப் பெரியது. அதே தொகையில் நான்கு ஊர்களுக்குச் சேர்த்து ஒரு நல்ல பள்ளி நடத்தினால் வகுப்புக்கு ஓர் ஆசிரியரும் நூலகமும் ஆடுகளமும் கிடைக்கும். நீங்கள் சொன்ன இரண்டாம் வகுப்புச் சிறுமிக்குப் பத்துத் தோழிகள் கிடைப்பார்கள். பள்ளியைக் காப்பது வேறு, பிள்ளையைக் காப்பது வேறு என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் இதைச் சொல்லும்போதே எனக்கு ஓர் அச்சமும் உண்டு. பள்ளிகளை இணைத்து மிச்சமாகும் தொகை பிள்ளைகளின் பெயரிலேயே இருக்கும் என்பதற்கு நம் வரவுசெலவு முறையில் எந்த உறுதியும் இல்லை. பணியிடம் சரண் செய்யப்பட்டால், அதாவது தேவையில்லை என்று அரசிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டால், அந்தச் சம்பளத் தொகை பொதுக் கணக்கில் கரைந்துவிடும். அடுத்த ஆண்டு யாரும் அதைத் தேடிப் போய், "இது பிள்ளைகளிடமிருந்து வந்தது, அவர்களிடமே போக வேண்டும்" என்று கேட்பதில்லை. தென்கொரியாவில் உள்நாட்டு வரி வருவாயில் 20.79 விழுக்காடு பள்ளிக்கல்விக்கென்று சட்டத்திலேயே கட்டிவைத்திருக்கிறார்கள். மாணவர் குறைந்தாலும் அந்தப் பங்கு குறையாது; ஆகவே ஒரு மாணவருக்கான அரசுச் செலவு தானாகவே ஏறுகிறது. அது மிகை என்று அங்கேயே வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆயினும் பிள்ளைகளின் பங்கைச் சட்டம் பிடித்துவைத்தால்தான் அது நிற்கும் என்பதற்கு அதுவே சான்று.

மாநிலங்களுக்கு இடையிலும் இதே சிக்கல்தான். பிறப்பைக் குறைத்த மாநிலம் மத்திய வரிப் பகிர்வில் இழக்கக்கூடாது என்பதற்காகத்தான், அந்தப் பகிர்வைப் பரிந்துரைக்கும் 15-ஆவது நிதி ஆணையம் மக்கள்தொகைச் செயல்பாட்டுக்கு 12.5 விழுக்காடு எடை கொடுத்தது. ஆனால் 2011 மக்கள்தொகைக்கு 15 விழுக்காடும், வருமானத்தில் ஒரு மாநிலம் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்ற இடைவெளிக்கு 45 விழுக்காடும் கொடுத்தது. 12-ஆவது ஆணையத்தில் 5.305 விழுக்காடாக இருந்த தமிழ்நாட்டின் பங்கு 15-ஆவதில் 4.079 விழுக்காடு. ஏழை மாநிலத்துப் பிள்ளைக்குக் கூடுதலாகப் போக வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. பீகாரில் பிறந்த பிள்ளையும் பிள்ளைதான். ஆனால் குறைவாகப் பெற்றதால் மிச்சமானது நம் பிள்ளைகளுக்கே கிடைக்கும் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இன்னொன்று, இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 1984-இல் சாமுவேல் பிரெஸ்டன் என்ற அமெரிக்க மக்கள்தொகை அறிஞர் தம் நாட்டைப் பற்றி ஒன்றைச் சுட்டிக்காட்டினார். 1960-களுக்குப் பின் அங்கே சிறுவர் எண்ணிக்கை குறைந்தது, முதியோர் எண்ணிக்கை கூடியது. எளிய கணக்குப்படி சிறுவர் நிலை உயர்ந்து முதியோர் நிலை தாழ்ந்திருக்க வேண்டும். நடந்தது தலைகீழ்: முதியோர் வறுமை குறைந்தது, சிறுவர் வறுமை கூடியது. முதியோருக்கு வாக்கு இருக்கிறது, பிள்ளைகளுக்கு இல்லை. பிள்ளைகள் குறையக் குறைய அவர்களுக்காகப் பேசும் பெற்றோரும் குறைகிறார்கள். மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தோர் 2021-இல் 13.6 விழுக்காடு, 2036-இல் 20.8 விழுக்காடு. நானும் ஓய்வூதியம் வாங்குகிறவன்தான். எனக்குப் பின்னால் நிற்கும் வரிசையில் ஒரு சிறுமி நிற்கிறாள் என்பதை என்னைப் போன்றவர்கள் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

அங்கன்வாடிப் பணியாளர் எழுதியது:

சுருக்கமாக ஒன்று. எங்கள் மையத்தில் முன்பு முப்பது குழந்தைகள் வந்தார்கள், இப்போது ஒன்பது பேர். மூன்று வயதிலேயே மழலையர் பள்ளிக்கு அனுப்பிவிடுவதால் மீதி இருப்பவர்கள் கட்டணம் கட்ட வழியில்லாத வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே. பிறப்பு குறைந்ததால் பிள்ளைகள் வலுவாகிவிட்டார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2019–21 ஆய்வில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட நூறு குழந்தைகளில் 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ளவர்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை. எடை எடுக்கும்போது நான் தினம் காண்பதும் அதுதான். ஒற்றைப் பிள்ளையாக இருந்தும் காலையில் ஒரு பிஸ்கட் பொட்டலத்தோடு வருகிற குழந்தை இருக்கிறது. அதன் தாய் ஐந்தரை மணிக்கே ஆலை வண்டியில் ஏறிவிடுகிறாள். குழந்தைகள் குறைவு என்பதைக் காட்டி எங்கள் மையத்தை இன்னொன்றோடு சேர்த்தால், சாலையைக் கடந்து அந்தக் குழந்தையை யார் கூட்டிப் போவது?

கரிசல் ஆசிரியை எழுதியது:

எழுதிய எல்லாருக்கும் நன்றி. கணக்கு அலுவலர் ஐயா சொன்னது கசக்கவில்லை. அதை நானே பல இரவுகள் எனக்குள் வாதாடியிருக்கிறேன். அந்தச் சிறுமிக்குப் பத்துத் தோழிகள் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் இணைப்பு என்று வரும்போது வரிசை முக்கியம். முதலில் வண்டி வர வேண்டும், துணைக்கு ஓர் ஆள் வேண்டும், சேரப்போகும் பள்ளியில் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் அமர்ந்திருக்க வேண்டும். அதன்பின் எங்கள் கதவைப் பூட்டட்டும். தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று நம் மாநிலத்தின் கல்வி உரிமை விதிகள் சொல்வது, ஆறு வயதுப் பிள்ளையின் கால் எவ்வளவு நடக்கும் என்று பார்த்துத்தான். கதவை முதலில் பூட்டிவிட்டு வண்டிக்குக் கோப்பு எழுதினால், இடையில் நின்றுபோகிறவர்கள் பெண்பிள்ளைகளும் கூலி வீட்டுப் பிள்ளைகளும்தான். மூத்த மகள் அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றது எங்கள் ஊரில் மறுபடி நடக்க வேண்டாம்.

மானியத்துக்கும் இதே போல ஒரு தரை வேண்டும். எத்தனை பிள்ளைகள் இருந்தாலும் ஒரு பள்ளி பள்ளியாக இயங்கத் தேவையான தொகை இவ்வளவு என்று முதலில் வகுத்துக்கொடுத்துவிட்டு, அதற்கு மேல்தான் தலைக்கணக்குப் பார்க்க வேண்டும். மாணவர் குறைந்த பள்ளியின் ஆசிரியரை வேறு பள்ளிக்கு மாற்றும் பணிநிரவலில் உபரி என்று எங்களில் ஒருவரை எடுக்கும் முன், அந்த உபரி நேரத்தைக் கொண்டு என்ன செய்யலாம் என்று ஒருமுறையாவது எங்களைக் கேட்க வேண்டும். நான் கண்டதைச் சொல்கிறேன். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று வகுப்பு பாராமல் நிலை பார்த்துப் பிரிப்போம். 14 பேர்தான் என்பதால், முதல் நிலையான அரும்பிலேயே தங்கிவிட்ட இரண்டு பையன்களோடு தினம் முக்கால் மணி நேரம் தனியாக உட்கார என்னால் முடிந்தது. 120 பேர் இருந்த காலத்தில் அவர்களைப் போன்றவர்கள் கடைசி வரிசையில் இருந்தபடியே ஐந்தாம் வகுப்பைக் கடந்து போனார்கள்; அவர்கள் முகங்கள் எனக்கு இன்னும் நினைவில் இருக்கின்றன. எண்ணிக்கை குறைந்ததால் பிள்ளையின் கைக்கே நேராக வந்த ஒன்று உண்டு என்றால் அது அந்த முக்கால் மணி நேரம்தான். தலைமையாசிரியர் பள்ளியில் இருக்கும் நாளில் மட்டுமே அது கிடைக்கிறது.

காலை உணவையும் சொல்லிவிடுகிறேன். 2022 செப்டம்பரில் 1,545 பள்ளிகளில் தொடங்கி அடுத்த ஆகஸ்டில் மாநிலம் முழுதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த திட்டம் அது. சுய உதவிக் குழுப் பெண்கள் சமைக்கிறார்கள். பிள்ளைகள் முப்பது இலட்சமாகப் பெருகியிருந்தால் இப்படி ஒன்றைத் தொடங்க எந்த அரசும் தயங்கியிருக்கும் என்றே நினைக்கிறேன். குறைந்துபோன எண்ணிக்கையை ஒரு கூடுதல் வேளைச் சோறாக மாற்றினார்கள். பனியன் ஊர் ஐயாவின் மகனுக்கு மாலை ஏழரை வரை திறந்திருக்கும் ஓர் இடமாகவும், அங்கன்வாடித் தங்கை சொன்ன குழந்தைக்கு ஐந்தரை மணிக்கே கைநீட்டி வாங்கிக்கொள்ளும் ஒருவராகவும் அதே எண்ணிக்கையை மாற்ற முடியாதா என்பதையே இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மூத்த மகள் எழுதியது:

வரும் சூனில் உங்கள் ஒன்றாம் வகுப்புக்கு எத்தனை பேர் வருவார்கள், அம்மா?

கரிசல் ஆசிரியை எழுதியது:

மார்ச் மாதமே தலைமையாசிரியரும் நானும் தெருத்தெருவாகப் போய்ப் பதிவேடு எழுதினோம், அக்கா. ஊரில் ஐந்து வயது நிறைந்தவர்கள் மூன்று பேர். இருவருக்கு வேனில் இடம் பேசி முன்பணமும் கட்டியாகிவிட்டது. மூன்றாவது பிள்ளையின் பாட்டி எங்கள் பள்ளியில் படித்தவர். அவர் தம் பேத்தியின் பிறப்புச் சான்றிதழை எடுத்துவந்து என் கையில் கொடுத்துவிட்டு, "இவளோடு உட்கார இன்னொரு பிள்ளை வருமா டீச்சர்?" என்று கேட்டார். பக்கத்துக் காலனியில் இன்னும் இரண்டு வீடுகள் பாக்கி இருக்கின்றன. நாளை மாலை பள்ளி விட்டதும் அங்கே போகிறோம்.